சக்கேயு சொன்ன கணக்கு



தலையான பாவங்கள் ஏழில் ஒன்றை நம் பழைய ஞானோபதேசம் லோபித்தனம் என்று கற்பித்தது. அது பணக்காரரின் பாவம் என்றே பலர் எண்ணுகிறார்கள். நூற்றுக்கு மாதம் பத்து ரூபாய் வட்டி வாங்குகிறவரும், வரப்பை ஆண்டுதோறும் அரைச் சாண் தள்ளிப் போடுகிறவரும் நம்மிடையே இல்லாமலில்லை.

எரிக்கோ நகரத்துச் சக்கேயு வரி வசூலிப்போரின் தலைவர். ஆண்டவர் தம் இல்லம் வந்தபோது, இனித் திருந்துவேன் என்று பொதுப்படச் சொல்லி அவர் நிறுத்திவிடவில்லை. கணக்கே சொன்னார்: உடைமையில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றி வாங்கியதோ நான்கு மடங்காகத் திரும்பும். குற்றத்தைத் தானே ஒப்புக்கொண்டவனிடம் மோயீசன் சட்டம் கேட்டது, முதலும் அதில் ஐந்தில் ஒரு பங்கும்தான்!

தருமம் வேறு, திருப்பிக் கொடுப்பது வேறு. பாவசங்கீர்த்தனம் செய்தாலும் பின்னதன் கடமை நீங்குவதில்லை. பழைய ஏற்பாட்டில் யூபிலி என்பதே, விற்றுப்போன நிலம் 50-ஆம் ஆண்டில் உரிய குடும்பத்துக்குத் திரும்பவேண்டிய ஆண்டு.

நமது யூபிலி நினைவாகக் கொடிமரம் தரச் சிலர் முன்வந்திருக்கிறீர்கள். மகிழ்ச்சி. பக்கத்து வயல் விதவையின் வரப்பைத் தள்ளியிருந்தால், முதலில் அதைப் பழைய இடத்தில் போட்டுவிட்டு வாருங்கள். கொடிமரத்துக்கு அவசரமில்லை.