பழைய சொகுசுக் காரைப் பேணுதல்

யானை வாங்குகிறவன் அஞ்ச வேண்டியது யானையின் விலைக்கு அன்று. நாள்தோறும் அதற்கு இட வேண்டிய கவளத்துக்கு. விலையுயர்ந்த மோட்டார் காரைப் பழையதாக வாங்குகிறவன் நிலையும் ஏறக்குறைய இதுவே. பதினைந்து, இருபது ஆண்டு ஓடிய பெரிய கார் சில வேளைகளில் ஒரு சிறு புதுக் காரின் பாதி விலைக்கே கிடைத்துவிடும். ஆனால், கார் மலிந்தது என்பதற்காக அதன் உறுப்புகள் மலிவதில்லை. பட்டறைக் கூலியும் குறைவதில்லை. ஆகையால் இத்தகைய காரை வைத்திருப்பவர் ஒன்று செல்வராக இருத்தல் வேண்டும்; அன்றேல் தம் கையை அழுக்காக்கிக்கொள்ளத் துணிந்தவராக இருத்தல் வேண்டும். நான் இரண்டாம் வகையைச் சேர்ந்தவன்.

என்னிடம் இருப்பது 1996-ஆம் ஆண்டில் புனேயில் உருவான மெர்ஸிடிஸ் பென்ஸ் இ-220. டபிள்யூ-124 என்னும் குறியீடு பெற்ற இந்த மாதிரி, ஜெர்மனியில் 1984-இன் இறுதியில் வெளிவந்தது. நம் நாட்டில் 1995-இல் புனேயில் இதனை உருவாக்கத் தொடங்கினார்கள். இங்கே உருவான முதல் பென்ஸ் கார் இதுதான். கனத்த கதவு, ஓசையின்றிச் சுழலும் எஞ்சின், குழியில் இறங்கினாலும் உள்ளிருப்போரை உலுக்காத தொங்கல் அமைப்பு. 2009-இல் இதை இரண்டாம் கையாக வாங்கியபோது, இதற்கு அழிவே இல்லை என்று நான் எண்ணிக்கொண்டது உண்மை.

அந்த எண்ணம் அடுத்த மே மாதமே கலைந்தது. குடும்பத்துடன் மும்பையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். கண்டாலா மலைப்பாதையில் வண்டிகள் ஊர்ந்து ஏறிக்கொண்டிருந்தன. வெப்பமானியின் முள் மெல்ல ஏறிச் சிவப்புக் கோட்டைத் தொட்டது. ஓரமாக நிறுத்தினேன், முன்மூடியின் இடுக்கிலிருந்து வெண்ணிற ஆவி கிளம்பியது. பதற்றத்தில் மூடியைத் தூக்கி, நீர்த்தொட்டியின் திருகு மூடியில் துணியை வைத்து அழுத்தினேன். பின்னால் லாரியை நிறுத்திவிட்டு ஓடிவந்த ஓட்டுநர் என் தோளைப் பற்றி இழுத்து, "பொறுங்கள் ஐயா! முகம் வெந்துபோகும்" என்றார். ஒரு மணி நேரம் சாலையோரத்தில் அமர்ந்திருந்தோம். அவர் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லையே என்ற குறை எனக்கு இன்னும் உண்டு.

அவர் தடுத்ததன் காரணத்தைப் பின்னரே உணர்ந்தேன். குளிர்விக்கும் நீர் அழுத்தத்தில் அடைபட்டிருக்கிறது. காற்றழுத்தத்துக்கு மேல் மேலும் ஒரு மடங்கு அழுத்தம் சேர்ந்தால், தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் சுமார் 120 டிகிரி வரை தாங்கும். மூடியைத் திறந்தவுடன் அழுத்தம் நீங்குகிறது. அந்த நீரில் ஒரு பகுதி அக்கணமே ஆவியாக மாறிச் சீறி எழுகிறது. எஞ்சின் சூடாக இருக்கும்போது இந்த மூடியைத் தொடவே கூடாது. இன்று நான் சொல்வனவற்றுள் மற்றவற்றை மறந்தாலும், இதை மறவாதிருங்கள்.

என் காருக்கு நேர்ந்த கோளாறு என்ன? முன்பு வண்டியைப் பார்த்துவந்த பட்டறையார், நீர் குறையுந்தோறும் ஆழ்குழாய்க் கிணற்று நீரை ஊற்றி வந்திருக்கிறார்கள். வாங்கிய பிறகு நானும் அதையே செய்தேன்; ஆகவே குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு. சுவரில் சுண்ணாம்பு பூசியதுபோல ரேடியேட்டரின் நுண்குழாய்களில் உப்புப் படிந்திருந்தது. 'பனிநாட்டாருக்கு உரியது நமக்கு எதற்கு?' என்று கூலண்ட் திரவத்தை விட்டுவிடுவோர் பலர். அது நீர் உறையாமல் காப்பது மட்டுமன்று, கொதிநிலையை உயர்த்துகிறது, அலுமினிய எஞ்சின் தலையை அரிக்கவிடாமல் காக்கிறது. உப்பு நீக்கிய நீரும் கூலண்டும் சரிபாதியாகக் கலந்து, குறித்த காலத்தில் மாற்றினால் போதும். இதற்கு வேண்டியவை ஒரு திருப்புளி, ஒரு வாளி, ஒரு காலை நேரம். வடித்த பழைய திரவத்தைத் தரையில் விடாதீர்கள். அது இனிப்புச் சுவையுடைய நஞ்சு; நாயும் பூனையும் நக்கிவிடும்.

பழைய காரில் இரும்பு அவ்வளவு விரைவில் மூப்பு எய்துவதில்லை. மூப்பு எய்துவன திரவங்களும் ரப்பருமே. அவற்றுள் பிரேக் எண்ணெயைப் பலர் நினைப்பதே இல்லை. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட்-4 என்னும் தர எண்ணெய் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. நூற்றுக்கு மூன்றே முக்கால் பங்களவு நீர் சேர்ந்துவிட்டால், அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடலாம். நீண்ட மலையிறக்கத்தில் பிரேக்கை இடைவிடாமல் அழுத்தி வருகிறோம். எண்ணெய் கொதித்துக் குழாயில் ஆவி நிறைகிறது. அப்போது மிதியை அழுத்தினால் கால் பஞ்சில் பதிவதுபோல் அடிவரை போய்விடும். வண்டி நிற்காது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இதனை மாற்ற வேண்டும். என் வீட்டில் மனைவி மிதியை அழுத்த, நான் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்கி ஒவ்வொன்றாகப் பழையதை வெளியேற்றுவேன். தேநீர் நிறத்தில் வருவது தெளியும் வரை இது நடக்கும். முதன்முறை மட்டும் ஓர் அனுபவசாலியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு செய்தேன். நீங்களும் அவ்வாறே செய்யுங்கள்.

டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றிருந்தால், 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். குறைவாக ஓடும் காரில் டயரின் வரிகள் தேயாமலே ரப்பர் வெடித்துப்போகும். பெட்ரோல் குழாய்களையும் இப்போது கூர்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது. 2025-இல் நாடெங்கும் பெட்ரோலில் எத்தனால் கலப்பு நூற்றுக்கு இருபதை எட்டியது. பழைய ரப்பரில் சில வகைகள் அதனைத் தாங்குவதில்லை. பெட்ரோல் வாடை வந்தால் சாவியைத் திருப்பாமல், கசிவைக் கண்டுபிடித்த பிறகே மறுவேலை.

இனி, கை வைக்கக் கூடாதவற்றைச் சொல்ல வேண்டும். முன்சக்கரத்தின் சுருள்வில்லை அமுக்கி எடுப்பதற்குத் தனிக் கருவி தேவை. அடங்கிக் கிடக்கும் அந்த வில் தவறித் தெறித்தால் உயிருக்கே ஆபத்து. ஸ்டீயரிங்கிலுள்ள காற்றுப் பையும் பயிற்சி பெற்றவர்க்கு உரியது. ஜாக்கி ஒன்றையே நம்பி வண்டிக்கு அடியில் புகுவதோ தற்கொலைக்கு ஒப்பு. இரும்புத் தாங்கிகளை நிறுத்திய பிறகே உடம்பை உள்ளே நுழைக்கலாம். சக்கர போல்ட்டுகளைக்கூட நான் கைப்போக்கில் முறுக்குவதில்லை. அளவு காட்டும் ஸ்பானரால் 110 நியூட்டன் மீட்டர் என்னும் குறிப்புக்கு முறுக்குகிறேன். அந்த ஸ்பானரை வாங்கியபோது வீட்டில் எழுந்த கேள்விகளை இங்கே விவரிக்கத் தேவையில்லை.

மழைக்காலத்துக்கு முன் செய்ய வேண்டிய பணி ஒன்றுண்டு. முன்கண்ணாடியின் அடியில் நீர் வடியும் துளைகள் உதிர்ந்த இலைகளால் அடைபடும். தேங்கிய நீர் அடியிலுள்ள தகட்டைத் தின்னும். அந்த இலைகளை விரலால் அள்ளிப் போடலாம், செலவே இல்லை. இந்தக் காருக்கு ஒற்றைத் துடைப்பான்தான். கண்ணாடியின் மூலைகளை எட்டுவதற்காக அது நீண்டும் குறுகியும் அசைகிறது. அதன் உள்ளமைப்புக்குக் கிரீஸ் இடாவிட்டால் நடு மழையில் நின்றுவிடும்.

தனியார் காரின் பதிவு 15 ஆண்டு செல்லும். அதன் பின் ஐந்தைந்து ஆண்டாகத் தகுதி காட்டிப் புதுப்பிக்க வேண்டும். முதன்முறை சென்றபோது, ஆய்வாளர் முன்மூடியைத் திறக்கச் சொல்லி, நெடுநேரம் குனிந்து பார்த்துவிட்டு, "எந்தப் பட்டறையில் விடுகிறீர்கள்?" என்று கேட்டார். நான் கையை விரித்துக் காட்டினேன். நகக்கண்ணில் கிரீஸ் இருந்தது. அடுத்த தவணைக்கு முன் பின்சக்கர பிரேக்கின் ரப்பர் குழாய்களை மாற்ற வேண்டும். வாங்கி வைத்திருக்கிறேன்.