புழுங்கல் அரிசி சொன்ன சாட்சி



அரசாங்கக் கிளினிக்கில் டாக்டர் இனிப்புநீருக்கு மாத்திரை எழுதித் தருகிறார். வீடு திரும்பினால் பக்கத்து வீட்டு அக்கா, “அத விடுங்க, எங்க மாமாவுக்கு இந்தக் கஷாயத்துலயே இறங்கிடுச்சு” என்கிறார். அக்கா பொய் சொல்லவில்லை. ஆனால் மாமா அந்த மாதம் சோற்றைக் குறைத்திருக்கலாம், மாத்திரையையும் விழுங்கியிருக்கலாம். எது குணமாக்கியது? சுகாதார அமைச்சின் சிகிச்சை வழிகாட்டிகளைத் தயாரிக்கும் மருத்துவர்கள் முதலில் கேட்பது இதைத்தான்.

இதற்கு நம் சோற்றுத் தட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. நூறாண்டுகளுக்கு முன் ஈய லம்பங்களில் வேலை செய்த சீனர்களைப் பெரிபெரி நோய் வாரிக்கொண்டு போனது. தோட்டத்துத் தமிழர்களுக்கு அது அரிதாகவே வந்தது. தமிழர்கள் புழுங்கல் அரிசி உண்பதும் சீனர்கள் தீட்டிய வெள்ளை அரிசி உண்பதும் டாக்டர் பிராடனின் கண்ணில் பட்டன. அரிசிதான் காரணம் என்றார். பலர் ஏற்கவில்லை. இனம் வேறு, குடியிருப்பு வேறு, கறி வேறு. அரிசியை மட்டும் எப்படிக் குற்றவாளியாக்குவது? நியாயமான கேள்விதானே!

1905ஆம் ஆண்டு இறுதியில் கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியில் டாக்டர் வில்லியம் பிளெட்சர் நோயாளிகளை வரிசையாக எண்ணச் சொன்னார். ஒற்றைப்படை எண்ணுக்கு வெள்ளை அரிசி, இரட்டைப்படைக்குப் புழுங்கல். இடத்தின் குறையாக இருக்குமோ என்று, பாதியில் இரு பிரிவினரின் கட்டடங்களையும் மாற்றினார். வெள்ளை அரிசி உண்ட 120 பேரில் 18 பேர் பெரிபெரியால் மாண்டனர். புழுங்கல் உண்ட 123 பேரில் அந்நோயால் ஒருவரும் சாகவில்லை. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்குகிறது என்பது பிற்பாடு தெரிந்தது.

சம்மதம் கேட்கப்படாதவர்கள் அவர்கள். இன்று அப்படியொரு சோதனைக்கு யாரும் அனுமதி தரமாட்டார்கள், தரவும் கூடாது.

மலேசிய வழிகாட்டி நூல்கள் பலவற்றின் முன்பக்கத்தில் சான்றுகளின் படிவரிசை அச்சிடப்பட்டிருக்கும். குலுக்கல் முறையில் ஆள் பிரித்த சோதனை முதல் படி. எவ்வளவு பெரிய நிபுணரானாலும் அவருடைய அனுபவக் கருத்து கடைசிப் படி. பிளெட்சர் குலுக்கவில்லை, வரிசையில்தான் பிரித்தார். யாருக்கு எந்த அரிசி என்று முன்கூட்டியே கணித்துவிடலாம். ஆகவே அவருக்கு இரண்டாம் படிதான். ஆனால் 18க்கும் பூஜ்யத்துக்கும் உள்ள வேறுபாடு அந்தக் குறையை மீறி நிற்கிறது. இன்றைய குழுக்கள் அதற்கும் மதிப்பெண் கூட்டித்தான் தருகின்றன.