முதியோர் உண்ணும் மருந்துகளும் அவர்தம் பிற்கால தேகநிலையும்
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஒரு முதியவர் உண்ணும் மருந்துகளைக் கொண்டே அவருடைய பிற்கால தேகநிலையை ஒருவாறு முன்னறிதல் கூடுமோ என்பதே நாம் இன்று எடுத்துக்கொண்ட விஷயம். கூடும் என்பதற்குச் சான்றுண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் ராஜ்யத்தில் ஒரு வைத்தியக் கூட்டுறவு ஸ்தாபனம் தன் அங்கத்தினர் வாங்கிய மருந்துகளைக் கணிப்பொறியிற் பதிந்து வந்தது. அப்பதிவுகளைக் கொண்டு 1992ஆம் ஆண்டில் வான் கார்ஃப் முதலிய ஆராய்ச்சியாளர், நாட்பட்ட நோய்களுக்கு ஒரு மதிப்பெண் வகுத்தனர். வயதையும் ஆண்பெண் வேற்றுமையையும் கணக்கிற் கொண்ட பின்னரும், மதிப்பெண் மிகுந்தோரிடையே அடுத்த ஆண்டில் ஆஸ்பத்திரியிற் சேர்வதும் மரணமும் மிகுதியாய் இருந்தன.

மருந்து, உள்ளிருக்கும் நோயைக் காட்டுவதோடு, சிலவிடத்துத் தானே ஒரு சுமையும் ஆகின்றது. முதுமையிற் சிறுநீரகத்தின் ஆற்றல் குறைதலால் பல மருந்துகள் உடலை விட்டு நீங்கத் தாமதிக்கின்றன. உடலிற் கொழுப்பின் பங்கு கூடுதலால், டயஸிபாம் போன்ற மருந்தின் மயக்கம் நீடிக்கின்றது. 2007ஆம் ஆண்டில் ஸாரா ஹில்மர் முதலியோர், மயக்கந்தரும் மருந்துகளையும், நாவை உலர்த்திச் சிறுநீரைத் தடுக்கும் இயல்புடைய மருந்துகளையும் அளவோடு கூட்டி ஒரு சுமைக்குறி வகுத்தனர். எழுபதுகளில் இருந்த முதியோரிடம் அதனை ஆராய்ந்தபோது, சுமை மிகுந்தோர்க்குத் தேக வலிமையும் கவனமும் குறைந்திருக்கக் கண்டனர். சளிக்கென நாம் வாங்கும் குளோர்பெனிரமின் மாத்திரையும் அத்தகையதே.

பெரியவர் தடுமாறினால் "வயதானால் அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம். அத்தடுமாற்றம் மருந்தால் வந்ததாயின், அது மாற்றத்தக்கதன்றோ? ஓர் உதாரணம் கூறுவோம். இரத்தக் கொதிப்புக்கு அம்லோடிபின் உண்பவருக்குக் கால் வீங்குதல் உண்டு. அதனைப் புதுநோயென மயங்கி, நீர் பிரியும் மருந்தொன்று சேர்க்கப்படுகின்றது. அவர் இரவிற் பன்முறை எழுகிறார். இருளில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்கிறார். முதல் வீக்கத்தின் காரணத்தை வினவியிருந்தால் இத்துன்பம் நேராமற் காத்திருக்கலாம்.

இக்கணக்குகள் பலரைத் திரட்டிப் பார்த்து உரைப்பவை. ஒருவருடைய விதியைக் கூறுபவை அல்ல. ஆதலின் அஞ்சி மருந்தைத் தாமே நிறுத்துதல் ஆகாது. டயஸிபாம், வலிப்பு மருந்து, சில இருதய மருந்துகள் ஆகியவற்றைத் திடீரென விடுவதால் பெருங்கேடு விளையலாம்.

நாம் வேண்டுவது இதுவே. ஒவ்வொரு வீட்டிலும் பெரியோர் உண்ணும் மருந்தனைத்தையும், நாட்டு மருந்து, கண் சொட்டு மருந்து உட்பட, ஒரே தாளில் எழுதுங்கள். எது, எவ்வளவு, எதற்காக, யார் கொடுத்தது என்று குறியுங்கள். அத்தாளை ஒரு வைத்தியரிடம் காட்டி, ஒவ்வொன்றையும் சுட்டி, "இது இன்னும் வேண்டுமா?" என்று பணிவுடன் கேளுங்கள். நம்மை வளர்த்தவர்களுக்கு நாம் செய்யும் பணிவிடையில் இதுவும் ஒன்றாகுக.