சீனி குறைச்ச கோப்பி



வீரமுனையிலிருந்து சைக்கிள் மிதித்தால் சம்மாந்துறை கிட்டத்தான். சுபஹுத் தொழுகை முடிந்து வருபவரும் வயலுக்குப் போகிறவரும் ஒரே வாங்கில் அமரும் தேத்தண்ணிக் கடையொன்று அங்கே. "சீனி குறைச்சுத்தானே தம்பி?" என்றபடி கடைக்காரக் காக்கா கிளாஸைச் சுடுதண்ணீரில் அலசுவார். மல்லியும் வேர்க்கொம்பும் சேர்த்து இடித்த கோப்பி. மேலே நுரை, அடியில் மண்டி. மண்டி அடங்கும்வரை பொறுத்துக் குடித்தால்தான் ருசி.

1869இல் தொடங்கிய இலைத்துரு நோய் இலங்கையின் கோப்பித் தோட்டங்களை அழித்தது, மலையெல்லாம் தேயிலையானது. ஆனாலும் தடிமன், காய்ச்சல் என்றால் நம் வீடுகளில் இன்றும் கோப்பிதான்.

போன மாரியில் மூக்கடைப்போடு அந்தக் கடைக்குப் போயிருந்தேன். நான் வாய் திறக்குமுன்னே, வேர்க்கொம்பைக் கூட்டிப்போட்டுக் கொண்டுவந்து வைத்தார் காக்கா.