நைனா நெய்த ஒரு லுங்கி

(குடியாத்தம் பட்டிமன்றம். தலைப்பு: மனதுக்கு நிறைவு தருவது கடையில் வாங்குவதா? கையால் செய்துகொள்வதா? 'கையால் செய்துகொள்வதே' அணியின் பேச்சு)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! என்னைப் பார்த்து இப்போதே சிரிக்க ஆரம்பித்துவிட்ட எதிரணி நண்பர்களே! இத்தனை நேரமாகியும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் குடியாத்தத்துப் பெரியோர்களே, தாய்மார்களே! 

எனக்கு முன்னால் பேசிய நண்பர் ஒரு கேள்வியை வீசிவிட்டுப் போனார். "கையால் செய், கையால் செய்னு பேசறாங்களே, இவங்க கட்டியிருக்கிற வேட்டி எங்கே வாங்கினது?" உண்மையைச் சொல்லிடறேங்க. கடையிலதான் வாங்கினேன். சட்டையும் கடை. செருப்பும் கடை. அந்தச் செருப்பை மேடைக்குக் கீழே விட்டுட்டு வந்திருக்கேன். திரும்பிப் போகும்போது அது இல்லேன்னா மறுபடியும் கடை! (சிரிப்பு)

எல்லாத்தையும் நாமே செய்துகொள்ள முடியுமா? முடியாது. மூக்குக்கண்ணாடியை நானே உருக்கினா உங்களை எல்லாம் எனக்குத் தெரியாது. வழக்கு அது இல்லை. வாங்கின பொருளும், செய்த பொருளும் ஒரே வீட்டுல பக்கத்துப் பக்கத்துல இருக்குது. எதைப் பார்த்தா மனசு நிறையுது? அதுதானே வழக்கு?

செருப்பைப் பற்றிப் பேச்சு வந்ததால், தோலுக்குப் பேர்போன இந்த வட்டாரத்துல ஒரு செருப்புக் கதை சொல்றேன். தென்னாப்பிரிக்காவிலே ஜோகன்னஸ்பர்க் பக்கத்துல 1910-ஆம் வருஷம் டால்ஸ்டாய் பண்ணை ஆரம்பமாச்சு. 1,100 ஏக்கர். கொடுத்தவர் காலன்பாக் என்கிற கட்டடக் கலைஞர். போராட்டத்திலே சிறைக்குப் போனவங்களோட குடும்பங்கள் அங்கே தங்கினாங்க. அதிலே நம்ம தமிழ்க் குடும்பங்களும் உண்டு. காலன்பாக் ஒரு கிறிஸ்தவ மடத்துக்குப் போய்ச் செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டு வந்தார். அவரிடம் காந்தி கற்றுக்கொண்டார். காந்தியிடம் மற்றவங்க கற்றுக்கொண்டாங்க. லண்டனிலே பாரிஸ்டர் பட்டம் வாங்கினவர், தோலை மடியிலே போட்டுக்கொண்டு உட்கார்ந்துட்டார்!

அப்புறம் சிறையிலே இருந்தபோது ஒரு ஜோடி செருப்புத் தைத்தார். யாருக்கு? தன்னைச் சிறையிலே போட்ட அரசாங்கத்தின் அமைச்சர் ஜெனரல் ஸ்மட்ஸுக்கு! 1914-லே ஊரைவிட்டுக் கிளம்பும்போது அதைப் பரிசாக் கொடுத்துட்டு வந்தார். 1939-லே, காந்தியின் எழுபதாவது பிறந்தநாளுக்காக ராதாகிருஷ்ணன் தொகுத்த புத்தகத்திலே ஸ்மட்ஸ் எழுதறார்: அந்தச் செருப்பைப் பல கோடைகாலம் போட்டிருக்கேன், ஆனா அதிலே கால் வைக்க எனக்குத் தகுதி இல்லைன்னு நினைக்கிறேன் என்று. நடுவர் அவர்களே, கடையில வாங்கிக் கொடுத்த செருப்பா இருந்தா, இருபத்தைந்து வருஷம் கழிச்சு அதைப் பற்றி ஒரு மனுஷன் எழுதுவானா? (பலத்த கைதட்டல்)

கை தட்டிட்டீங்க. இப்போ நான் மாட்டிக்கொள்ளப் போற இடத்துக்கு வர்றேன். எதிரணி அம்மா கேட்டாங்களே ஒரு கேள்வி: "கையால் செய்றதிலே அவ்வளவு நிறைவு இருக்குதுன்னா, தறியிலே உட்கார்ந்தவர் ஏன் தன் பிள்ளையைத் தறிக்கு அனுப்பலை?" இந்த மேடையிலே இன்னைக்குக் கேட்ட கேள்விகளிலேயே கனமான கேள்வி அதுதான். சிரிச்சுத் தப்பிக்க எனக்கு மனசு வரலை. ஏன்னா அந்தப் பிள்ளை நான்தான்.

ஆம்பூர்ப் பக்கம் போய்ப் பாருங்க. திண்ணையிலே உட்கார்ந்து பெண்கள் ஊசியும் நூலுமா ஷூவோட மேல்பாகம் தைப்பாங்க. ஜோடிக்கு இவ்வளவுன்னு கூலி. தோலை வெட்டினவர் வேற ஒருத்தர். ஓரம் சீவினவர் வேற ஒருத்தர். அச்சுக்கட்டையிலே ஏற்றி அடிப்பாகம் ஒட்டுறவர் இன்னொருத்தர். தைத்த அந்தத் தாய் முழு ஷூவைப் பார்க்கிறதே இல்லை. அது கப்பலேறி எந்த ஊர்க் காலுக்குப் போகுதோ! கை அவங்க கைதான். ஆனா அவங்க செய்தது ஷூ இல்லைங்க. ஷூவிலே ஒரு துண்டு.

அமெரிக்காவிலே மூன்று ஆராய்ச்சியாளர்கள் 2012-லே ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. சாதாரண ஆளுங்க கையிலே காகிதத்தைக் கொடுத்துத் தவளையும் கொக்கும் மடிக்கச் சொன்னாங்க. கோணல்மாணலாத்தான் வந்தது. மடிச்சவங்க அதுக்குக் கொடுக்கத் தயாரா இருந்த விலை, பார்த்தவங்க சொன்னதைவிட ஏறக்குறைய 5 மடங்கு! கெட்டிக்காரன் மடிச்ச கொக்குக்குக் கிட்டத்தட்டச் சமமா இருந்தது. என் வீட்டுல நான் சுட்ட தோசையை நான் மட்டும் புகழ்றது ஏன்னு எனக்கு அப்பத்தான் புரிஞ்சது. (சிரிப்பு) ஆனா அதே ஆய்விலே இன்னொன்னும் கண்டாங்க. வேலையைப் பாதியிலே நிறுத்தச் சொன்னா, அந்தப் பாசம் வர்றதில்லை. முழுசா முடிச்சாத்தான் வருது.

இப்போ என் நைனா கதைக்கு வர்றேங்க. குழித்தறியிலே முப்பது வருஷம் லுங்கி நெய்தார். நூல் முதலாளி கொடுத்தது. கட்டம் முதலாளி சொன்னது. அம்மா தார் சுற்றிக் கொடுப்பாங்க, நைனா நாடாவைத் தள்ளுவார், சனிக்கிழமை கூலி வரும். அதிலே நிறைவு இருந்ததுன்னு நான் சொன்னா அது பொய். முதுகுவலி இருந்தது, கடன் இருந்தது. அதனாலதான் என்னைப் படிக்க அனுப்பினார்.

எனக்கு வெளியூர்ல கல்லூரி கிடைச்சது. அந்த வாரம் நைனா தன் காசுலே நூல் வாங்கினார். காப்பித்தூள் நிறம், அதுக்கு நடுவிலே பச்சைக்கோடு. முப்பது வருஷம் நெய்த மனுஷன் கட்டத்தைத் தானே யோசிச்சது அந்த ஒரு தடவைதாங்க. நெய்து, அறுத்து, இரண்டு முனையையும் மூட்டிப் பார்த்தார். மூட்டின இடத்திலே பச்சைக்கோடு ஒன்னோடு ஒன்னு சேரலை. ஒரு விரல்கடை விலகி நின்னது.

அம்மா, "கட்டினா மடிப்புல மறைஞ்சிடும், விடுங்க"ன்னாங்க. தையலைப் பிரிச்சார். மறுபடியும் தறியிலே உட்கார்ந்து இன்னொரு லுங்கி நெய்தார். இரண்டு நாள் கூலி போச்சு. அம்மா திட்டித் தீர்த்தாங்க. "முதலாளிக்குன்னா இது போதும்டி. இது அவனுக்கு"ன்னார். கோடு சேர்ந்தது. மூட்டின இடத்தை விரலாலே தடவித் தடவிப் பார்த்துட்டு, தெருவிலே இரண்டு வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டிட்டு வந்தார்! தான் நெய்த லுங்கியை அவர் அதுக்கு முன்னாலே யாருக்குமே காட்டினதில்லை. (நீண்ட கைதட்டல்)

எதிரணி அம்மா, நீங்க கேட்டீங்களே, இதுதாங்க என் பதில். அந்த லுங்கி கிழிஞ்சு எத்தனையோ வருஷமாச்சு. மூட்டின அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்து என் மனைவி பீரோவிலே வச்சிருக்காங்க. கோடு இன்னும் சேர்ந்துதான் இருக்குது.