மண்ணின் பதமும் விண்ணின் ரேடாரும்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



பிழைப்பின் பொருட்டுத் தாயகம் விட்டுச் சித்தூரிலும் திருப்பதியிலும் குடியேறிய நாம், இந்நிலத்தின் உப்பை உண்டு வாழ்கிறோம். ஆதலின் இந்நிலத்து மண்ணைப் பற்றியே இன்று சில சொல்ல விழைகிறோம்.

இவ்வட்டாரத்துச் செம்மண் புன்செய்களில் வேர்க்கடலை மானாவாரியாக விளைகிறது. பூ வாடியபின் அதன் விழுது மண்ணுள் இறங்கிக் காயாகும் என்பது நாம் அறிந்ததே. அவ்வேளையில் மேல்மண் காய்ந்து இறுகுமாயின் விழுது உட்புகாது, உழைப்பு வீணாகும். பெய்த மழையின் அளவை மழைமானி கூறும். அதில் எவ்வளவு மண்ணில் தங்கிற்று என்று அது கூறுமோ? கூறாது. ஒரு பிடி மண்ணை எடுத்து அழுத்திப் பார்க்கும் உழவரின் கை கூறும். அக்கையோ தன் வயலை மட்டுமே அறியும். மாவட்டம் முழுவதன் பதத்தையும் அறியும் வழி யாது?

2022இல் அமைந்த திருப்பதி மாவட்டத்தில் ஸ்ரீஹரிகோட்டா அடங்கியுள்ளது. அங்கிருந்து 2025ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் ‘நைசார்’ என்னும் செயற்கைக் கோள் விண்ணேறியது. அமெரிக்க நாட்டு நாசாவும் நமது இஸ்ரோவும் கூடிச் செய்தது அது. 747 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டு, 12 மீட்டர் அகலமுள்ள வலைக்குடை போன்ற ஆன்டெனாவினால் ரேடார் அலைகளை நிலத்தின்மேல் செலுத்தி, மீண்டுவரும் அலைகளை அளப்பது அதன் தொழில்.

மேகமும் இரவும் இவ்வலைகளுக்குத் தடையல்ல. மின்காப்பு மாறிலி என்று அறிவியலார் கூறும் எண், நீருக்கு ஏறத்தாழ 80. உலர்ந்த மண்ணுக்கு 3 அல்லது 4. இவ்வேறுபாட்டினால், ஈரம் மிக்க மண்ணிலிருந்து அலை வலுவாக மீள்கிறது. கோளின் இருவகை அலைகளுள் 24 சென்டிமீட்டர் நீளமுள்ளது பயிரின் இலைகளை ஊடுருவுவதில் சிறந்தது.

ஆயினும் இதன் எல்லையையும் அறிதல் வேண்டும். உழுத நிலத்தின் மேடுபள்ளமும் பயிரின் அடர்த்தியும் மீளும் அலையை மாற்றுவன. ஆகவே நிலத்தில் நேரே எடுத்த அளவுகளோடு ஒப்பிட்டுத் திருத்துதல் இன்றியமையாதது. ரேடார் காண்பது மேல்மண்ணின் சுமார் 5 சென்டிமீட்டர் மட்டுமே. ஆழ்ந்த வேரின் ஈரத்தை அது நேரே காணாது. ஆனால் கடலையின் விழுது இறங்குவதும் அந்த மேல்மண்ணில் அன்றோ! மேலும், ஓரிடத்தை அது 12 நாட்களில் இருமுறையே காணும். இடைப்பட்ட வெயிலை அறிபவர் உழவரே. ஆகையால் விண்ணின் கண்ணும் உழவரின் கையும் ஒன்றற்கொன்று துணையாதல் வேண்டும்.

நைசாரின் அளவுகள் யாவர்க்கும் கட்டணமின்றி வழங்கப்பெறுவன. எனினும் ஆங்கிலத்தில் எண்ணும் படமுமாய்க் கிடப்பதனால் உழவர்க்குப் பயன் என்ன? ஏவுதளம் நம் மாவட்டத்தில் இருக்க, அதன் பயன் நம் புன்செய்க்கு எட்டாதிருத்தல் முறையாகுமா? கற்ற நம் இளைஞர்கள் அவ்வெண்களைப் பயின்று, தெலுங்கிலும் தமிழிலும் எளிய சொற்களில் ஊர்தோறும் எடுத்துரைக்க வேண்டும். உண்ட உப்புக்கு நாம் செய்யும் கைம்மாறு அதுவே.

வாழ்க உழவர்! வளர்க நம் சங்கம்!