எந்தக் கட்டு காப்பாற்றும்?

(தூத்துக்குடியில் செய்த சொற்பொழிவின் சாரம்)



நாம் இன்று பேச எடுத்துக் கொண்ட விஷயம் "கட்டு" என்பதாகும். இவ்வூர்க்காரர்களுக்குக் கட்டைப் பற்றி நாம் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. வ.உ.சி. துறைமுகத்துக்கு வருகிற கப்பலை வடம் போட்டுத்தான் நிறுத்துகிறார்கள். வடம் அறுந்து போனால் ஆயிரம் மந்திரம் சொன்னாலும் கப்பல் நிற்காது என்பது அங்கு வேலை செய்யும் எந்தத் தோழருக்கும் தெரியும். ஆனால் இதே கடற்கரையில் மந்திரத்தால் கட்டுவதாகச் சொல்லிப் பிழைத்தவர்களும் இருந்தார்கள். முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் "கடல்கட்டி" என்று ஒருவர் உண்டு. சுறாமீனின் வாயை மந்திரத்தால் கட்டுவது அவர் வேலை. 13-ம் நூற்றாண்டில் இப்பக்கம் வந்த மார்க்கோபோலோ, இம்மந்திரக்காரர்களுக்கு இருபதில் ஒரு பங்கு கொடுக்கப்பட்டதாக எழுதி வைத்திருக்கிறார். மூச்சை அடக்கிக் கடலுக்குள் போனவன் ஒருவன். கரையில் இருந்து பங்கு வாங்கினவன் மற்றொருவன்!

நிற்க. முத்து எப்படி உண்டாகிறது? சுவாதி நட்சத்திரத்தில் பெய்யும் மழைத்துளி சிப்பிக்குள் விழுந்து முத்தாகிறது என்றார்கள். சிப்பியோ கடலுக்கடியில் பாரில் ஒட்டிக் கிடக்கிறது. அங்கே மழைத்துளி எப்படிப் போய்ச் சேரும் என்று எத்தனை பேர் கேட்டார்கள்? 1973-ம் வருஷத்தில் தூத்துக்குடியை அடுத்த வேப்பலோடையில், மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானி அழகர்சாமி அவர்கள், மழையும் இல்லாமல் நட்சத்திரமும் இல்லாமல் முத்து விளைவித்துக் காட்டினார். சிப்பியின் ஓட்டை ஒட்டி உட்புறம் இருக்கும் மெல்லிய சதையில் ஒரு சிறு துண்டை வெட்டி, ஒரு சின்ன உருண்டையோடு சேர்த்து வேறொரு சிப்பிக்குள் வைப்பதுதான் முறை. அத்துண்டில் உள்ள உயிரணுக்கள் பெருகி, ஒன்றையொன்று பிடித்துக் கொண்டு, உருண்டையைச் சுற்றி ஒரு பையாகி விடுகின்றன. அந்தப் பை அடுக்கடுக்காகச் சுரப்பதே முத்து. உயிரணுக்கள் ஒட்டிப் பையாகாவிட்டால் முத்து இல்லை.

சிப்பிக்குள்ள இந்த நியாயந்தான் நமது சரீரத்துக்கும். நம் உடம்பு கோடானு கோடி உயிரணுக்களின் கூட்டம். இவை சிதறாமல் நிற்பதற்குக் காரணம், அவற்றின் மேல்புறத்தில் கொக்கி போல் நீட்டிக் கொண்டிருக்கும் சில புரதங்களாகும். ஒரு வகைக்குக் கேட்ஹெரின் என்று பெயர். இது கால்சியம் என்னும் சுண்ணாம்புச் சத்து இருந்தால்தான் பிடிக்கும் என்பதை ஜப்பானிய விஞ்ஞானி டகெய்ச்சி 1970-களிலும் 1980-களிலும் ஆராய்ந்து காட்டினார். இன்னொரு வகை இன்டெக்ரின். உயிரணுவைச் சுற்றியுள்ள நார்களோடு பிணைப்பது பெரும்பாலும் இதுவே. இந்தக் கொக்கிகள் சரியாக இருப்பது சுகம். கெட்டுப் போவது வியாதி.

பல புற்றுநோய்களில் கேட்ஹெரின் குறைந்து, பிடி விட்ட அணுக்கள் வேறிடம் போய்க் குடியேறுகின்றன. பெம்பிகஸ் என்றொரு வியாதியில், நோயை எதிர்க்க வேண்டிய நமது இரத்தச் சத்தே தோலின் கொக்கிகளைத் தாக்குகிறது. தோலணுக்கள் பிடி விட்டு, வாயிலும் மேலிலும் கொப்புளங்கள் கிளம்புகின்றன. இது ஒட்டுவாரொட்டி அல்ல; எந்த அம்மனின் கோபமும் அல்ல. மருந்தில்லாத காலத்தில் பெரும்பாலும் உயிரைக் குடித்த இவ்வியாதியை இன்று வைத்தியத்தால் அடக்கலாம். வேப்பிலை கட்டிக் காத்திருந்தால் அடக்க முடியுமா?

இனி முக்கியமான சங்கதிக்கு வருவோம். காயம் பட்டால் இரத்தம் ஏன் நிற்கிறது? இரத்தத்தில் உள்ள தட்டணுக்கள் தங்கள் இன்டெக்ரின் கொக்கிகளால் ஒன்றோடொன்று கோத்துக் கொண்டு வாயை அடைப்பதால்தான். இக்கொக்கி பிறவியிலேயே இல்லாமலோ கெட்டோ இருக்கும் குழந்தைகள் உண்டு. 1918-ல் கிளான்ஸ்மன் என்னும் சுவிட்சர்லாந்து வைத்தியர் இவ்வியாதியை விவரித்தார். மூக்கில் இரத்தம், ஈறில் இரத்தம், அடிபட்டால் நிற்காத இரத்தம். பெண் வயதுக்கு வந்தாலோ உதிரப்போக்கு நிற்பதில்லை. அவளைத் "தீட்டு" என்று மூலையில் உட்கார வைத்து நாள் எண்ணிக் கொண்டிருந்தால் உயிரே போய்விடக் கூடும். இக்குழந்தைகளுக்குத் தட்டணுக்களின் எண்ணிக்கை சரியாகவே இருக்கும். ஆகவே எண்ணிக்கையை மட்டும் பார்த்துக் குறையில்லை என்று திரும்பி விடாமல், தட்டணு ஒட்டுகிறதா என்பதையும் சோதிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். வேண்டும்போது தட்டணு ஏற்றுவதும், இரத்தக் கட்டு கரையாமல் காக்கும் மருந்தும், ஆஸ்பிரின் மாத்திரையைத் தொடாமல் இருப்பதும் காப்பாற்றும். கையில் கட்டும் மந்திரக் கயிறு காப்பாற்றாது.

இவ்வியாதி வருவதற்குத் தாயும் தகப்பனும் ஆளுக்கொரு குறைப் பங்கைச் சுமந்திருக்க வேண்டும். சுமப்பவர்களுக்கு யாதொரு நோயும் தெரியாது. அப்படிப்பட்ட இருவர் சேர்ந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து. அப்படியிருக்கத் தாயை மாத்திரம் "ராசியில்லாதவள்" என்று தூற்றுவது எந்த ஊர் நியாயம்? ஒரே குடும்பத்தில் ஒரே குறை இருவரிடமும் இருக்க அதிக இடமுண்டு. அக்காள் மகளைக் கட்டுவதும், மாமன் மகளையும் அத்தை மகளையும் கட்டுவதும் நம் நாட்டில் வழக்கமாகையால், அபூர்வமான இவ்வியாதி தென்னாட்டில் அவ்வளவு அபூர்வமாக இல்லை. சொந்தத்தில் கட்டினால் எல்லாப் பிள்ளைகளும் நோயாளிகள் என்று நாம் சொல்லவில்லை. பெரும்பாலோர் சுகமாகவே பிறக்கிறார்கள். ஆனால் ஆபத்து அதிகம் என்பது கணக்கு.

சொத்து வெளியே போகக் கூடாது, உறவு விட்டுப் போகக் கூடாது என்றுதானே சொந்தத்தில் முடிச்சுப் போடுகிறீர்கள்? அந்த முடிச்சில் பிறந்த பிள்ளையின் இரத்தம் முடிச்சுப் போட மாட்டேன் என்றால், சொத்தை வைத்துக் கொண்டு என்ன செய்வது? பத்துப் பொருத்தம் பார்க்கிறீர்கள். அதில் ரஜ்ஜுப் பொருத்தம், அதாவது கயிற்றுப் பொருத்தம், என்று ஒன்று உண்டு. அதைப் பார்க்கிற ஜோசியர் இரு வீட்டு இரத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தையாவது கேட்டதுண்டா?

ஆகவே தோழர்களே! குடும்பத்தில் ஒரு பிள்ளைக்கு இரத்தம் நிற்கவில்லையானால் கோயிலுக்கு முடிந்து வைப்பதை விட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். தாயை நிந்திக்காதீர்கள். வயதுக்கு வந்த பெண்ணின் உதிரப்போக்கு நிற்கவில்லையானால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். அவ்வீட்டார் மறுபடியும் சொந்தத்தில் கல்யாணம் பேசுமுன் இரத்தப் பரிசோதனை செய்து வைத்தியரிடம் யோசனை கேளுங்கள். நாம் சொன்னதையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். விசாரித்து, சரியென்று பட்டால் செய்யுங்கள் என்று சொல்லி முடித்துக் கொள்ளுகிறோம்.